சின்ன மெயின்டனன்ஸ் ஷாப்புக்கு எந்த ஆர்கான் வெல்டிங் மெஷின்?

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு மெயின்டனன்ஸ் ஷாப் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், எலெக்ட்ரானிக் முறையில் ஓடும் இன்வர்ட்டர் வகை, ராடு மாட்டிப் போடும் ஸ்டிக் வெல்டிங் மெஷின் ஒன்று, இவ்வளவுதான் ஷாப். கார்மென்ட் ஃபேக்டரிகளின் ஸ்டீம் லைன், தர்ஷினி ஹோட்டல்களின் (நின்றபடி சாப்பிடும் சின்ன ஹோட்டல்கள்) எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாத்திரம், மேஜை, பம்ப் ஷாஃப்ட், அவ்வப்போது உடைந்து வரும் அலுமினிய ஹவுசிங் என்று வேலை வருகிறது. ஆர்கான் வேலையை இதுவரை வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிறார். இப்போது சொந்தமாக டிக் மெஷின் (ஆர்கான் வெல்டிங்குக்கு இன்னொரு பெயர் டிக்) எடுக்கலாம் என்று பார்த்தால், ஒரு கடையில் 300 ஆம்பியர் த்ரீ ஃபேஸ் டி.சி. மெஷினைக் காட்டுகிறார்கள், இன்னொரு கடையில் கிட்டத்தட்ட அதே விலைக்கு 200 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ் ஏ.சி.-டி.சி. மெஷினைக் காட்டுகிறார்கள். எதை எடுப்பது, வேறு என்னென்ன வாங்க வேண்டியிருக்கும் என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கு 200 ஆம்பியர், சிங்கிள் ஃபேஸ், ஏ.சி.-டி.சி. இன்வர்ட்டர்தான் சரி. தொடாமலே ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) பிடிக்கும் ஹெச்.எஃப். ஸ்டார்ட்டும், கையில் பிடிக்கும் டார்ச்சின் டங்ஸ்டன் முனையைத் தொட்டுத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் ஸ்டார்ட்டும் இரண்டும் இருக்க வேண்டும், மாற்றிக்கொள்ள சுவிட்ச் இருக்க வேண்டும். அலுமினியம் உங்களுக்கு எப்போதாவது ஒன்றுதான் வருகிறது என்றால் மட்டும் நல்ல டி.சி. மெஷின் போதும். 300 ஆம்பியர் டி.சி. உங்களுக்கு எந்த விதத்திலும் பொருந்தாது.

காரணம் இதுதான். புரொடக்‌ஷன் ஷாப்பில் நாளைக்கு என்ன பீஸ், என்ன மெட்டீரியல், எத்தனை மி.மீ. என்று இன்றைக்கே தெரியும். அதற்கு ஏற்ற மெஷினை வாங்கி ஓட்டலாம். மெயின்டனன்ஸ் ஷாப்பில் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் என்ன நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் ஊறிய காஸ்டிங் வரும், ஏற்கெனவே மூன்று பேர் ஒட்டி உடைந்த இடம் வரும், தகடு தேய்ந்து பாதியான பாத்திரம் வரும். இந்த மாதிரி வேலையில் மெஷின் மேலே எத்தனை ஆம்பியர் போகிறது என்பதைவிட, கீழே எத்தனை ஆம்பியரில் ஆர்க் அலைபாயாமல் நிற்கிறது என்பதுதான் சோறு போடும்.

கணக்கைப் பாருங்கள். டிக் வெல்டிங்கில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்), எஸ்.எஸ். தகட்டுக்கு ஒரு மி.மீ.க்கு சுமார் 30 முதல் 40 ஆம்பியர் என்பது கைக்கணக்கு. ஹோட்டல் பாத்திரமும் மேஜை மேல்தகடும் பெரும்பாலும் ஒரு மி.மீ. அல்லது அதற்கும் கீழே. அதாவது 25, 30 ஆம்பியரில் வேலை. ஓரத்தில், மூலையில், ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் 15 ஆம்பியருக்கும் இறங்க வேண்டியிருக்கும். ஸ்டீம் லைன் பைப் 3 மி.மீ. சுவர் என்றால் 90 முதல் 120 ஆம்பியர். உங்கள் வேலையில் முக்கால்வாசி 120 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே கேட்பது அலுமினியம்தான். சூட்டை வேகமாக இழுத்துக் கடத்திவிடுவதால், 6 மி.மீ. அலுமினியத்துக்கு 220, 250 ஆம்பியர் வரை ஆகும். அங்கேயும் பீஸை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டால் 200 ஆம்பியர் மெஷினில் ஒப்பேற்றிவிடலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு ஷாப்பில் பெரிய ஆம்பியர் மெஷினை ஆசையாக வாங்கிப் போட்டார்கள். அதன் குறைந்தபட்ச செட்டிங்கே 30 ஆம்பியர். ஸ்விட்சை அழுத்தியதும் ஆர்க் பிடிப்பதற்கு அதற்கும் மேலே ஒரு குதி குதிக்கும். டீ பாய்லரின் 0.8 மி.மீ. தகட்டில் வைத்தவுடன் ஓட்டை. ஓட்டையை அடைக்கப் போனால் ஓட்டை பெரிதாகும். கடைசியில் மெல்லிய தகடு வேலை எல்லாம் மறுபடி வெளியேதான் போனது. மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. அது கனமான வேலைக்குச் செய்த மெஷின், அவ்வளவுதான். வாங்கும்போது ஸ்பெசிஃபிகேஷன் தாளில் முதலில் பார்க்க வேண்டியது ஆம்பியர் ரேஞ்சின் அடிப்பக்கம். டி.சி.யில் 5 ஆம்பியர், ஏ.சி.யில் 10, 15 ஆம்பியர் என்று இருந்தால் நல்லது.

அடுத்தது ஏ.சி. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு தோல் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அந்தத் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். டி.சி.யில் வழக்கமான முறையில், அதாவது டார்ச்சை நெகட்டிவில் வைத்துப் போட்டால், உள்ளே உலோகம் உருகித் தொங்கும், மேலே தோல் கிழியாமல் நிற்கும், ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) கலக்காது. ஏ.சி.யில் டங்ஸ்டன் பாசிட்டிவ் ஆகும் அரைச் சுற்றில் அந்தத் தோல் உடைந்து அகலும். நெகட்டிவ் ஆகும் அரைச் சுற்றில் சூடு உள்ளே இறங்கும். கண்ணாடி வழியாக இதைப் பார்க்கவே அருமையாக இருக்கும். முதலில் மேற்பரப்பு மங்கலாக, சுருக்கம் விழுந்த மாதிரி கிடக்கும். ஓரிரு நொடியில் ஆர்க்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் விரியும், நடுவில் சட்டென்று பாதரசத் துளி மாதிரி பளபளவென்று குளம் திறக்கும். அந்தப் பளபளப்பு வந்த பிறகுதான் ஃபில்லரைக் காட்ட வேண்டும். வளையம் வரவில்லை என்றால் சுத்தம் போதவில்லை, அல்லது பேலன்ஸ் சரியில்லை.

பேலன்ஸ் என்று சொன்னேன் அல்லவா, பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் நேரத்தைப் பங்கு பிரிப்பதுதான் அது; ஏ.சி. மெஷின் வாங்கினால் அந்தத் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். நெகட்டிவ் பக்கம் எழுபது சதவீதம் அளவில் வைத்து ஆரம்பிக்கலாம். புதுத் தகடு என்றால் இன்னும் கூட்டலாம், அழுக்கு காஸ்டிங் என்றால் குறைத்து சுத்தம் செய்யும் பக்கத்துக்கு அதிகம் கொடுக்கலாம். ரொம்பக் குறைத்தால் டங்ஸ்டன் முனை உருண்டு பெருத்துவிடும். ஏ.சி. ஃபிரீக்வென்ஸியும் மாற்ற முடிந்தால் நல்லது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ்தான். இன்வர்ட்டரில் 100, 120 வைத்தால் ஆர்க் ஒடுங்கி, மூலைக்குள் நேராகப் போகும். உடைந்த ஹவுசிங்கில் விரிசலைத் தொடர்ந்து போகும்போது இந்த ஒடுக்கம் ரொம்ப உதவும்.

"டி.சி.யிலேயே அலுமினியம் போடலாம் சார்" என்று சில கடைகளில் சொல்வார்கள். சுத்தமான ஹீலியம் ஓட்டினால் முடியும்தான். நம் ஊரில் ஹீலியம் விற்கும் விலைக்கு அந்த வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். ஆகவே அது வெறும் பேச்சு.

ஏ.சி.-டி.சி. மெஷின் அதே தரத்து டி.சி. மெஷினைவிட இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் விலை. அதனால் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கடந்த ஆறு மாதத்தில் ஆர்கான் வேலைக்கு வெளியே கொடுத்த பில்களை எடுத்து வைத்து, எஸ்.எஸ். எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு என்று பிரியுங்கள். முடியாது என்று திருப்பி அனுப்பிய அலுமினிய வேலைகளையும் ஞாபகம் இருக்கும் வரை சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவை எந்த பில்லிலும் இருக்காது. அலுமினியத்துக்குக் கொடுத்த கூலி ஒன்றரை, இரண்டு வருடத்தில் விலை வித்தியாசத்தை ஈடு கட்டும் என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். பீன்யா மாதிரி இடத்தில் பம்ப், மோட்டார், கியர்பாக்ஸ் ஹவுசிங் என்று அலுமினிய காஸ்டிங் உடைந்துகொண்டேதான் இருக்கும். வேலை உங்களைத் தேடி வரும்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். அலுமினியம் போலத் தெரிவதெல்லாம் அலுமினியம் இல்லை. துத்தநாக டை காஸ்டிங் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவு அலுமினியத்தைவிட இரண்டரை மடங்கு கனக்கும். அதை ஆர்கானில் தொட்டால் கொதித்து வெள்ளைப் புகையாகப் போகும். வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய நிஜ அலுமினிய காஸ்டிங் என்றால் விரிசலை வி வடிவில் தோண்டி, அசிட்டோனில் துடைத்து, அது முழுக்க ஆவியான பிறகு 120, 150 டிகிரி வரை சூடாக்குங்கள். உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே கசியும். மறுபடி துடைத்துவிட்டு வெல்டிங் வைத்தால்தான் குமிழ் விழாது. இதற்கு 4043 ஃபில்லர் ராடு நன்றாக ஓடும். தகடு, ஆங்கிள் வேலைக்கு, குறிப்பாக பிறகு அனோடைசிங் (மின்முறையில் மேற்பரப்புக்குப் பூச்சு ஏற்றுவது) போகிற பீஸுக்கு 5356. 4043 போட்ட இடம் அனோடைசிங்கில் கறுத்துத் தனியாகத் தெரியும்.

சரி, கரன்ட்டுக்கு வருவோம். சிங்கிள் ஃபேஸ் எடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் வேலையில் பாதி ஷாப்பில் நடப்பதில்லை. ஹோட்டல் கிச்சனுக்கும் ஃபேக்டரி பாய்லர் ரூமுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கிச்சனில் த்ரீ ஃபேஸ் பாயின்ட் எங்கே தேடுவீர்கள்? 200 ஆம்பியர் டிக் ஆர்க்குக்கு சுமார் 18 வோல்ட் ஆகும். 200-ஐ 18-ஆல் பெருக்கினால் 3.6 கிலோவாட். மெஷினில் ஆகும் இழப்பு, பவர் ஃபேக்டர் எல்லாம் சேர்த்தால், சாதாரண இன்வர்ட்டர் 230 வோல்ட் லைனில் 27, 28 ஆம்பியர் இழுக்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் பிரேக்கர்) தாங்கும். ஆனால் அதே மெஷினை ஸ்டிக் மோடில் போட்டு 200 ஆம்பியர் வைத்தால் ஆர்க் வோல்டேஜ் 28 ஆகிவிடும், லைனில் 40 ஆம்பியரைத் தாண்டும், எம்.சி.பி. விழும். பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன் உள்ள மெஷின் என்றால் இந்த இழுவை கணிசமாகக் குறையும், வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் ஆர்க் அவ்வளவாக அசையாது. சுற்றிலும் உள்ள எல்லா ஷெட்டும் ஓடும் நேரத்தில் லைன் வோல்டேஜ் இறங்கும் இடம் உங்களுடையது என்றால், இதற்கு மேலே கொஞ்சம் பணம் கொடுக்கலாம். மின்சாரக் கம்பெனியான பெஸ்காம் உங்களுக்கு அனுமதித்த லோடு (சாங்ஷன் லோடு) எவ்வளவு என்று பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். லேத்தும் இதுவும் சேர்ந்து ஓடும்போது அதைத் தாண்டக் கூடாது.

வெளியே போகும்போது எக்ஸ்டென்ஷன் ஒயரில் நிறையப் பேர் மிச்சம் பிடிக்கிறார்கள். 30 மீட்டர் நீள 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரில் 28 ஆம்பியர் ஓடினால் போக வர 12 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 4 ஸ்கொயர் எம்.எம். என்றால் 8 வோல்ட்டுக்குள். நான்குக்குக் கீழே வாங்க வேண்டாம். சுருட்டி வைத்தபடியே ஓட்டவும் வேண்டாம், சுருளுக்குள் சூடேறி இன்சுலேஷன் உருகும். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். ஜெனரேட்டரில் ஓட்ட வேண்டி வந்தால் மெஷின் கேட்கும் கே.வி.ஏ.வைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

டியூட்டி சைக்கிளைப் பற்றிக் கடைகளில் பெரிதாகப் பேசுவார்கள். 200 ஆம்பியர், 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஆர்க் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும். இதே மெஷின் 155 ஆம்பியரில் நிற்காமல் ஓடும். ரிப்பேர் வேலையில் தேய்ப்பதும் பொருத்துவதும்தான் அதிக நேரம் பிடிக்கும், தொடர்ந்து ஆறு நிமிடம் ஆர்க் எரிவதே அபூர்வம். ஆகவே 35, 40 சதவீதம் என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த எண் எந்த டெம்பரேச்சரில் சோதித்தது என்று பாருங்கள். 40 டிகிரியில் என்று எழுதியிருந்தால் அது நேர்மையான எண். 20, 25 டிகிரியில் சோதித்த எண் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே உங்களுக்கு நிற்காது.

ஹெச்.எஃப்., லிஃப்ட் இரண்டும் ஏன் வேண்டும் என்றால், மெயின்டனன்ஸ்காரன் கூப்பிட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஹெச்.எஃப். ஸ்டார்ட் தொடாமலே ஆர்க் பிடிக்கும், டங்ஸ்டன் முனை கெடாது, அலுமினியத்துக்கு அதுதான் வசதி. ஆனால் அந்த ஹை ஃபிரீக்வென்ஸி பக்கத்தில் இருக்கும் சி.என்.சி. கன்ட்ரோலர், பி.எல்.சி., வெயிங் ஸ்கேல் மாதிரி எலெக்ட்ரானிக் கருவி எதையும் குழப்பலாம், சில சமயம் போர்டையே காலி செய்துவிடும். பேனலை ஒட்டி வேலை என்றால் லிஃப்டுக்கு மாற்றுங்கள், கன்ட்ரோலர் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் போடுங்கள். ஷாஃப்டில் வெல்டிங் வைத்துவிட்டு கிளாம்பை மெஷின் பாடியில் மாட்டினால், கரன்ட் பேரிங் வழியாகத்தான் போகும். உருளைக்கும் பாதைக்கும் நடுவே தீப்பொறி ஓடி பேரிங்கில் குழி விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து சத்தம் கேட்கும்போது அந்த பேரிங்குக்கும் உங்கள் வெல்டிங்குக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் யாரும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரன்ட்டைத் தானாக ஏற்றி இறக்கும் பல்ஸ் இருந்தால் மெல்லிய தகட்டுக்கு நல்லது, எஸ்.எஸ். நெளிவது குறையும். இல்லாவிட்டாலும் பழகிய கை சமாளிக்கும். டவுன் ஸ்லோப் மட்டும் கட்டாயம் வேண்டும். நிறுத்தும்போது கரன்ட் மெதுவாக இறங்கினால்தான் கடைசிக் குழியில் விரிசல் விழாது. போஸ்ட் ஃப்ளோ, அதாவது ஆர்க் நின்ற பிறகும் கேஸ் ஓடும் நேரம், பத்து ஆம்பியருக்கு ஒரு நொடி என்று கணக்கு வைத்துக்கொண்டால் தப்பாது. கேஸ் நின்ற பிறகும் டங்ஸ்டன் சிவந்திருந்தால் அது நீலம் பாய்ந்து கெட்டுப்போகும். கரன்ட்டைக் காலால் கூட்டிக் குறைக்கும் ஃபுட் பெடலை மெஷினோடு சேர்த்துக் கொடுப்பது குறைவு. பெடலுக்கு சாக்கெட் இருக்கிறதா, அந்தப் பெடல் இங்கே கிடைக்கிறதா என்று கேளுங்கள். மேஜையில் வைத்துச் செய்யும் வேலைக்குப் பெடலைப் போல ஒன்று கிடையாது. ஏணி மேல் நின்று பைப் ஒட்டும்போது அது உதவாது, அங்கே டார்ச் ஸ்விட்சை ஃபோர் டி மோடில் (ஒருமுறை அழுத்தி விட்டால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும்) வைத்துக்கொண்டு போட வேண்டியதுதான்.

இனி, மெஷினுக்கு வெளியே போகும் பணம். கையில் இருக்கும் பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மெஷினுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது என் எண்ணம்.

மெஷினோடு பெரும்பாலும் 26 நம்பர் டார்ச் வரும். ஏர் கூல்டு, 200 ஆம்பியர் தாங்கும், கொஞ்சம் கனம். அலுமினியத்துக்கு அது இருக்கட்டும். மெல்லிய எஸ்.எஸ். வேலைக்கு 17 நம்பர் டார்ச் ஒன்று தனியாக வாங்குங்கள், 150 ஆம்பியர் வரை போதும். கழுத்தை வளைத்துக்கொள்ளும் ஃப்ளெக்ஸ் ஹெட் கிடைத்தால் பைப்புக்குப் பின்னால் நுழையும். இரண்டிலும் கேஸ் லென்ஸ் போட்டுவிடுங்கள். டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் சாதாரண காலெட் பாடியில் ஆர்கான் சுழன்றுகொண்டு வரும். கேஸ் லென்ஸில் வலை வழியாக அமைதியாக இறங்கும், டங்ஸ்டனை நீளமாக வெளியே நீட்டிக்கொள்ளலாம், எஸ்.எஸ். வெல்டிங் கறுக்காமல் பொன்னிறமாக வரும். இவ்வளவு குறைந்த செலவில் வேலையின் தரத்தை இப்படித் தூக்கும் பொருள் டிக் வெல்டிங்கில் வேறு இல்லை. வாட்டர் கூல்டு டார்ச் இப்போதைக்கு வேண்டாம்.

டங்ஸ்டன் 1.6, 2.4 மி.மீ. இரண்டு சைஸ் போதும். சிவப்பு முனை தோரியம் கலந்தது, அதைத் தேய்க்கும்போது வரும் தூள் கதிரியக்கம் உள்ளது. மூடிய சின்ன ஷாப்பில் அது எதற்கு? லாந்தனம் கலந்த பொன்னிற முனையோ நீல முனையோ வாங்குங்கள். ஏ.சி., டி.சி. இரண்டுக்கும் அதுவே ஓடும், பச்சை முனையை (கலப்பில்லாத டங்ஸ்டன்) தனியாக வாங்க வேண்டியதில்லை. நீளவாக்கில் தேயுங்கள், குறுக்காகத் தேய்த்தால் ஆர்க் சுற்றும். அதற்கென்று ஒரு வீலை ஒதுக்கிவிடுங்கள். எம்.எஸ். தேய்த்த வீலில் டங்ஸ்டனை வைக்கக் கூடாது.

கேஸ் சுத்தமான ஆர்கானாக இருக்க வேண்டும், 99.99-க்கு மேல். கம்பி தானாக ஓடிவரும் மிக் வெல்டிங்குக்கு விற்கும் ஆர்கான்-கார்பன் டை ஆக்சைடு கலவையை மாட்டினால் டங்ஸ்டன் கண் முன்னால் எரிந்துபோகும். சாதாரண பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர் இருக்கும், அதாவது 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட்டினால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆர்க் எரிக்கலாம். சைட் வேலைக்கு 10 லிட்டர் கொள்ளளவு சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தால் மூன்று மணி நேரம் ஓடும், ஸ்கூட்டரில் கொண்டுபோகாமல் ஆட்டோவில் நிமிர்த்தி, கட்டி, மூடி போட்டுக் கொண்டுபோங்கள். சொந்த சிலிண்டர் வாங்கினால் கழுத்தில் கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதியைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரப்பும் இடத்தில் திருப்பி அனுப்புவார்கள். கேஸ் ஃப்ளோவைக் கூட்டினால் நல்லது என்று 15, 18 லிட்டர் வைப்பவர்கள் உண்டு. வேகம் கூடினால் காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு வரும், வெல்டிங் கறுக்கும். கறுத்தால் முதலில் ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், பிறகு ஃபேன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

கேஸ் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் இரண்டாவதாக ஒன்றையும் இப்போதே வாங்கிவிடுங்கள். எஸ்.எஸ். பைப்பை வெளியே அழகாக ஒட்டினாலும், உள்ளே ஆர்கான் ஓட்டாவிட்டால் உள்பக்கம் கறுத்துப் பொரிந்துவிடும். பால், உணவு, மருந்து போகும் லைனில் அந்தச் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், அங்கேயே துரு ஆரம்பிக்கும். பைப்பின் இரண்டு முனையையும் டேப் போட்டு அடைத்து, ஒரு பக்கம் ஆர்கானைக் கொடுத்து, மறுபக்கம் சின்ன ஓட்டை வழியாக காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு ஆரம்பிக்க வேண்டும். இதைச் செய்து கொடுக்கும் ஷாப் என்று பெயர் வந்துவிட்டால் வேலை தானாக வரும்.

ஃபில்லர் ராடில் எஸ்.எஸ். ரகங்களான 304-க்கு 308எல், 316-க்கு 316எல், எஸ்.எஸ்.ஸையும் எம்.எஸ்.ஸையும் சேர்க்க 309எல், எம்.எஸ்.ஸுக்கு 70எஸ்-2. இதோடு 312 ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஸ்டீல் என்றே தெரியாத ஷாஃப்ட், போல்ட் வரும்போது விரிசல் விடாமல் பிடிப்பது அதுதான். வார்ப்பிரும்பு வந்தால் மட்டும் ஆர்கானை எடுக்காதீர்கள். உங்கள் பழைய ஸ்டிக் மெஷினில் நிக்கல் ராடு போட்டுச் செய்யுங்கள். அதனால் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம்.

முகக்கவசம் ஆட்டோ டார்க்கனிங் (ஆர்க் பிடித்ததும் தானாகக் கறுப்பது) என்றால் பத்து, பதினைந்து ஆம்பியர் ஆர்க்கிலும் கறுக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான கவசங்கள் ஸ்டிக் வெளிச்சத்துக்குக் கறுக்கும், மெல்லிய டிக் ஆர்க்குக்கு முழித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று, பிரேக் கிளீனர், டிகிரீசர் என்று ஸ்ப்ரேயில் வருபவற்றில் குளோரின் கலந்தவை உண்டு. அதில் துடைத்த பீஸில் ஆர்க் பிடித்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், உயிரையே எடுக்கும். அசிட்டோன் தவிர வேறு எதையும் பெஞ்சில் வைக்காதீர்கள். அசிட்டோனும் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஆர்க் பிடிக்க வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனம். டேங்க், குழி மாதிரி இடத்தில் அடியில் தேங்கி மூச்சை நிறுத்திவிடும், வாசனையும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் தனியாக இறங்கவே கூடாது.

எந்த பிராண்ட் என்பதற்கு நேராக ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன். இசாப், அடார் மாதிரி நாடு முழுக்க டீலர் உள்ள கம்பெனிகள் இருக்கின்றன. சீனாவிலிருந்து வந்து இங்கே பெயர் ஒட்டி விற்கும் மெஷின்களும் இருக்கின்றன, அவற்றிலும் நன்றாக ஓடுபவை உண்டு. நான் பார்ப்பது ஒன்றுதான்: கன்ட்ரோல் போர்டு போனால் பெங்களூருக்குள் யார் மாற்றித் தருவார்கள், எத்தனை நாளில்? கடைக்காரரிடம் கேட்டு, அந்த சர்வீஸ் ஆளுக்கு நீங்களே போன் செய்து பேசுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் ஐ.ஜி.பி.டி. (போர்டில் கரன்ட்டைத் திறந்து மூடும் பாகம்) வாங்கி மாற்றிவிடலாம், ஆனால் அந்த மாடலுக்கே உரிய போர்டு எஸ்.பி. ரோட்டில் கிடைக்காது. வாங்கிய பிறகு கிரைண்டரை மெஷினிலிருந்து தள்ளி வையுங்கள். இரும்புத் தூளை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்து போர்டில் படிய வைக்கும், அது கரன்ட் கடத்தும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ஈரமில்லாத காற்றால் ஊதிவிடுங்கள்.

கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங்கை இப்போது எஸ்.எஸ். ஃபேப்ரிகேஷன் ஷாப்களில் பார்த்திருப்பீர்கள். வேகம்தான், ஆனால் இரண்டு தகடும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும். உடைந்து, தேய்ந்து, கோணலாகி வரும் பீஸில் அந்தப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? சிதறும் லேசர் கதிரே கண்ணைக் கெடுக்கும் என்பதால் தனியாக அடைத்த இடமும் வேண்டும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். 0.8 மி.மீ. எஸ்.எஸ். துண்டு இரண்டு, பழைய அலுமினிய காஸ்டிங் ஒரு துண்டு, டி.சி. படிக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். மெஷினை 10 ஆம்பியரில் வைத்து வரிசையாகப் பத்து முறை ஆர்க் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உடனே பிடிக்கிறதா, தகட்டை ஓட்டை போடாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். 150-இல் வைத்து மீட்டரில் நிஜமாகவே 150 வருகிறதா என்று பாருங்கள், டிஸ்ப்ளேயில் 200 காட்டிவிட்டு 160 தரும் மெஷின்கள் சந்தையில் இருக்கின்றன. அப்புறம் காஸ்டிங் துண்டில் ஏ.சி.யைப் போட்டு, பேலன்ஸைத் திருகும்போது அந்த வெள்ளை வளையம் அகலமாவதும் குறுகுவதும் தெரிகிறதா என்று பாருங்கள். திருகியும் வளையம் மாறவில்லை என்றால் அந்தத் திருகு பேருக்குத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். வாங்கும்போது உங்கள் ஷாப் பெயரில் ஜி.எஸ்.டி. பில்லும், சீரியல் நம்பர் எழுதிய வாரண்டி அட்டையும் கையில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.